வாசலுக்கு வெளியே நிற்கத் தெரிந்த இரக்கம்

திருநெல்வேலிச் சீமையில் சுவிசேஷம் பரவிய வழியைத் திரும்பிப் பார்க்கும்போது, பிரசங்கம் கேட்டு வந்தவர்களைப் போலவே, அடைக்கலம் தேடி வந்து அந்த இடத்திலேயே ஆண்டவரைக் கண்டுகொண்டவர்களும் ஏராளம் என்பது தெரிகிறது. சொந்த ஊர்களில் துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கென்று ஒரு துண்டு நிலத்தை வாங்கி, அவர்களை அங்கே குடியேற்றி, 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் உருவாக்கிய ஊர்தான் முதலூர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், 1830இல் தர்மசங்கத்தைத் தொடங்கியதற்கும் காரணம் இதுவே. நிலக்காரர்களின் தயவில் குடியிருந்த ஏழைகள் விசுவாசத்துக்கு வந்தவுடன் குடியிருப்பை இழக்கும் நிலை இருந்ததால், அவர்களுக்கு நிலம் வாங்க ஒரு பொதுப்பணம் தேவைப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகளை நாசரேத்தில் சேர்த்து வளர்த்து, அவர்களுக்குக் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார் மர்காஷிஸ் ஐயர். 1901இல் கோயிலிலிருந்து தப்பி ஓடிவந்த ஒரு சிறுமியை மடியில் ஏற்றுக்கொண்ட ஏமி கார்மைக்கேல் அம்மையார், அதன்பின் தாய்நாட்டுக்குத் திரும்பாமலே 1951இல் டோனாவூரில் கண்மூடினார். இந்த மண்ணை ஒருநாளும் மிதிக்காமல், இங்குள்ள பெண்பிள்ளைகளின் படிப்புக்காக அக்கறை கொண்ட சாராள் டக்கர் அம்மையாரின் பெயர் இன்றும் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் பெயராக வழங்குகிறது.

இவை நம் முன்னோரின் சாட்சி. ஆனால் ஒரு சபைக்கு எத்தனை பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருந்தாலும், அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் தம்மிடம் கடன்பட்டவரை எப்படி நடத்துகிறார், தம் வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் அவருடைய விசுவாசத்தை எடைபோடுகிறார்கள். "இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் இரக்கம் பெறுவார்கள்" என்ற மலைப்பிரசங்க வசனத்தை ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடமாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். அதை எப்படிச் செய்வது என்பதை நான் இரண்டு இடங்களில் கற்றேன். ஒன்று, சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரத்தில் என் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடை. மற்றொன்று, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் சேகரத்துப் (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) பெண்களோடு நான் போய்வருகிற மருத்துவமனை வார்டுகள். அங்கே கண்டவற்றில் பிறருக்குப் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் அந்நாளில் பெரும்பாலோர் பனையேறிகள். மாசி, பங்குனியில் பாளை விட்டுப் பதநீர் இறங்கத் தொடங்கினால் ஆடி, ஆவணி வரைக்கும் வீட்டில் கருப்பட்டி காயும்; கையில் காசு புழங்கும். அதன்பின் அடுத்த பருவம் வரைக்கும் கடன்தான். வியாபாரிகள் முன்பணம் கொடுத்துப் பனையேறியைக் கட்டிப்போட்டு, பருவம் வந்ததும் கருப்பட்டிச் சிப்பங்களை மலிவாக எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அப்பாவின் கடையிலும் பற்று நோட்டு உண்டு. அரிசி, மிளகாய் வற்றல், மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குச் சிலேட்டுக் குச்சி எல்லாம் அந்த நோட்டில் ஏறும். மழை பொய்த்த ஆண்டுகளில் பனையும் பொய்த்துவிடும். நோட்டில் ஏறியது இறங்காது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்தில் ஒரு ராத்திரி, கடையை அடைத்தபின் அப்பாவும் அம்மாவும் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். எந்த வீட்டில் சாவு விழுந்தது, எந்த வீட்டில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறவர் இருக்கிறார், எந்த வீட்டில் குமரை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள் என்று பேசிக்கொள்வார்கள். சில பக்கங்களில் அப்பா குறுக்கே ஒரு கோடு போடுவார். எல்லாருக்கும் போட்டுவிட மாட்டார். குடித்துத் தீர்த்தவருக்கும் வசதி இருந்தும் இழுத்தடிப்பவருக்கும் கணக்கு அப்படியே நிற்கும். ஏழாம் வருஷத்தில் கடனை விடுதலையாக்கச் சொல்லுகிற உபாகமம் 15ஆம் அதிகாரத்தை ஜெபத்தில் வாசித்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்பார் என்பதால், அது அவருக்கு வியாபாரக் கணக்கைப் பார்க்கிற வேலை மட்டுமாக இருக்கவில்லை.

கோடு போட்டது யாருக்கும் தெரியாது. கடன்பட்டவரிடம்கூட, "ஒமக்காக விட்டுட்டேன்" என்று அப்பா சொன்னதில்லை. அடுத்த முறை அவர் கடைக்கு வரும்போது, "அண்ணாச்சி, பழைய நோட்டு முடிஞ்சிட்டு, புது நோட்டுப் போட்டாச்சு" என்பதோடு சரி. பலருக்குப் புரிந்துவிடும், ஒன்றும் பேசாமல் சாமானை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்ததுதான். கடன் தள்ளுபடியான சிலர் அதன்பின் எங்கள் கடைப் பக்கமே வரமாட்டார்கள். எதிரே அப்பாவைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவார்கள். நன்றியில்லாதவர்கள் என்று அம்மா ஒருமுறை வருத்தப்பட்டபோது அப்பா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "கடைக்கு அவன் வராம இருக்கான்னா, நாம விட்டது கடனை இல்ல, ஆளைத்தான் விட்டிருக்கோம்." அதோடு நிற்காமல், அப்படி ஒதுங்கிய ஒருவர் வீட்டுக்கு அவரே போனார். திண்ணைக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த வீட்டம்மாள் முடைகிற ஓலைப்பெட்டிகள் கடைக்கு வேண்டும் என்று விலை பேசினார். கருப்பட்டி அடுக்கப் பெட்டி தேவைதான். ஆனால் அதை எங்கும் வாங்கியிருக்கலாம். பெட்டி கொண்டுவந்து கொடுத்து, எண்ணிக் காசு வாங்கிக்கொண்ட அன்றைக்கு அந்த மனிதர் எங்கள் கடையில் வெற்றிலை வாங்கி, அங்கேயே நின்று போட்டுக்கொண்டு, அப்பாவோடு வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

உபாகமம் 24ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவன் அடகு வாங்குவதற்காகக் கடன்பட்டவனுடைய வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன்பட்டவனே அடகை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்டளை இருக்கிறது. சிறுவயதில் அதை வாசித்தபோது இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் ஒரு கட்டளை என்று நினைத்தேன். ஏழையின் வீட்டுக்குள் அவனுடைய வெறும் பானைகளும், கிழிந்த பாயும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தகப்பன் தலைகுனிவதும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் உரிமை கடன் கொடுத்தவனுக்கு இல்லை என்று கர்த்தர் சொல்லுகிறார். உதவி செய்யப் போகிற நாமும் அந்த வாசற்படியை மதிக்கத்தான் வேண்டும். ஒரு வீட்டுக்கு அரிசி கொடுப்பதற்கு முன் அடுக்களையை எட்டிப் பார்த்து, டிவி இருக்கிறதே, இவர்களுக்கு எதற்கு உதவி என்று முணுமுணுப்பதைச் சபைகளில் கேட்டிருக்கிறேன். அப்படிப் பார்த்துக் கொடுக்கிற அரிசி தொண்டையில் இறங்காது.

இனி மருத்துவமனை அனுபவத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள பெரியாஸ்பத்திரிக்குத் தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு கிடைக்கும். கூட இருக்கிறவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தினக்கூலிக்குப் போகிற குடும்பத்தில் ஒருவர் படுக்கையிலும் ஒருவர் பக்கத்திலும் இருந்தால் இரண்டு கூலி நின்றுவிடும். அதனால் சிலருக்குப் பக்கத்தில் இருக்க ஆளே இருக்காது. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் சிலர் பேசி, அப்படி ஆளில்லாத பெண் நோயாளிகளைப் பார்த்துவருவது என்று தீர்மானித்தோம். இதற்கான செலவுக்கு எங்கள் பாட்டிமார் காலத்து வழியையே பிடித்தோம்: சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் எங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுவருகிற கைப்பிடி அரிசி. இன்று அரிசியாகவும் வருகிறது, ரூபாயாகவும் வருகிறது.

போன புதிதிலேயே வார்டுச் சகோதரிகள் எங்களுக்குச் சில காரியங்களைச் சொல்லித் தந்தார்கள். ஸ்டாஃப் நர்ஸிடம் கேட்காமல் யாருக்கும் சாப்பிடக் கொடுக்கக்கூடாது; ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னவருக்கு அன்பாக ஒரு இட்லி ஊட்டிவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். சர்க்கரை உள்ளவருக்கு ஹார்லிக்ஸும் பழமும் தூக்கிக்கொண்டு போவதால் பயனில்லை. டாக்டர் பார்வைக்கு வருகிற நேரத்தில் கட்டிலைச் சுற்றி நிற்கக்கூடாது. பழத்தைக் காட்டிலும் பயன்பட்டவை வேறு: சோப்பு, சீப்பு, தேங்காய் எண்ணெய், ஒரு துண்டு, நைட்டி, மூடியுள்ள தண்ணீர் பாட்டில், செல்போன் சார்ஜர். இவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிடுவோம். பையில் சபையின் பெயரை அச்சடிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். கட்டிலுக்குக் கட்டில் அந்தப் பெயர் தொங்கினால், யாருக்கு ஆளில்லை என்பதை வார்டு முழுவதுக்கும் அறிவித்ததுபோல் ஆகிவிடும்.

கடையம் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வந்திருந்த ஒரு பாட்டியை மறக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் பீடி சுற்றிய கை. விரல்நுனிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. மகன் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனவர், அதன்பின் போனை எடுக்கவில்லை. என்ன வேண்டும் ஆச்சி என்று கேட்டபோது சாப்பாடு, காசு என்று எதையும் அவர் கேட்கவில்லை. தலை சிக்காகிக் கிடக்கிறது, எண்ணெய் வைத்துச் சீவிவிடு என்றார். நாங்கள் நினைத்துக்கொண்டு போன எதுவும் அவருடைய தேவையாக இல்லை. எரிகோ பாதையில் "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" என்று குருடன் கூப்பிட்டபோது, அவனுடைய தேவை கண்ணுக்கு முன்னால் தெரிந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று ஆண்டவர் கேட்டாரே, அந்தக் கேள்வியை எந்தக் கட்டிலிலும் நாம் தாண்டிப் போகக்கூடாது.

அவர் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர். நாங்கள் யார் என்று கேட்டார், சொன்னோம். அதற்குமேல் கைப்பிரதியோ பிரசங்கமோ எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை. படுத்த படுக்கையாக, எழுந்து போக முடியாதவரிடம், நம் உதவி தேவைப்படுகிற நேரத்தில் நம் விசுவாசத்தைப் பேசுவது அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வதாகும் என்று எங்கள் குருவானவர் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால் ஜெபிப்போம். கேட்காதவருக்காக வீட்டில் முழங்காலில் நிற்போம்.

ஒரு நாள் டீ வாங்கிவந்து கொடுத்தபோது, ஆச்சி முந்தியில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து நீட்டினார். என்னோடு வந்திருந்த இளம்பெண், "வேண்டாம் ஆச்சி, வேண்டாம் ஆச்சி" என்று கையைத் தள்ளினாள். நான் வாங்கிக்கொண்டேன். ஆச்சியின் முகத்தில் அன்று வந்த தெளிவை அதற்கு முன் நான் பார்த்திருக்கவில்லை. சமாரிய ஸ்திரீக்கு ஜீவத்தண்ணீர் கொடுக்க வந்த ஆண்டவர், முதலில் அவளிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். பெறுகிறவர் கொடுக்கவும் இடம்விடுகிறபோதுதான் இருவரும் ஒரே தரையில் நிற்கிறோம். என் அப்பா ஓலைப்பெட்டி வாங்கப் போனதும் இதற்காகத்தான். நம் ஊர்களில் அசனப் பண்டிகையின்போது பந்தியில் யார் அரிசி கொடுத்தவர், யார் வெறுங்கையோடு வந்தவர் என்று பார்க்காமல் எல்லாரும் ஒரே சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டு எழுந்திருக்கிறோமே, அந்த ஒரு நாள் ஒழுங்கை மற்ற நாட்களுக்கும் கொண்டுபோக வேண்டும்.

ஆச்சியின் மகன் பிறகு வந்தார். வார்டில் இருந்தவர்கள் அவரைப் பேசாத பேச்சில்லை. பெற்றவளைப் போட்டுவிட்டுப் போனவன் என்று எல்லார் வாயிலும் விழுந்தார். எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு அக்கா அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிடச் சொன்னார். அங்கே அவர் சொன்னது வேறு கதை. லோடு ஏற்றுகிற வேலை அவருக்கு. அம்மாவின் முந்தைய வைத்தியத்துக்கு வட்டிக்கு வாங்கியது, வட்டிக்கு வட்டியாக ஏறி, வசூலுக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டார்கள். அதனால்தான் போனை அணைத்துவிட்டு வெளியூரில் வேலைக்குப் போயிருந்தார். வார்டில் எல்லாரும் கண்டது தாயை விட்டு ஓடிய மகனை. உண்மையில் அவர் ஓடியது கடன்காரனைக் கண்டு.

கந்துவட்டி இந்த மாவட்டத்தின் ஆறாத புண். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் இரண்டு பச்சைப் பிள்ளைகளோடு தீயில் கருகியதை நாம் கண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் பலர் அழுதார்கள். ஆனால் அதீத வட்டி வசூலைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது என்பது சபையில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. எனவே ஒன்றைச் சொல்லுகிறேன்: வட்டியில் சிக்கியவருக்கு இரங்கி, அந்த மாத வட்டியைக் கட்ட அவர் கையில் பணம் கொடுத்தால், அந்தப் பணம் வட்டிக்காரருக்குத்தான் போகும்; அடுத்த மாதம் அவர் மறுபடியும் அதே இடத்தில் நிற்பார். அவரோடு உட்கார்ந்து யாரிடம் எவ்வளவு வாங்கினார், இதுவரை எவ்வளவு கொடுத்தார், எதை எழுதிக் கொடுத்தார் என்பதைத் தாளில் எழுத வேண்டும். ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள், வெற்றுக் காசோலை ஆகியவை யார் கையில் இருக்கின்றன என்பதைத் தனியே குறிக்க வேண்டும். பின் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கோ காவல் நிலையத்துக்கோ அவர் மனுவோடு போகும்போது, விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். தனியாகப் போகிற ஏழை பயந்து பாதியில் திரும்பிவிடுவார். அரைநாள் வேலையை விட்டுவிட்டுக் கூட நிற்பது, ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதைவிடப் பெரிய இரக்கம்.

அந்த மகனுக்குக் கடன் கொடுத்தவர் ஞாயிறுதோறும் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் என்பது விசாரித்தபோது தெரிந்தது. எனக்கு அது நெஞ்சில் தைத்தது. கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்கிற 15ஆம் சங்கீதம், தன் பணத்தை வட்டிக்குக் கொடாதவன் என்று முடிவில் சொல்லுகிறது. அவருடைய குருவானவரும் சபைப் பெரியவர் ஒருவரும் நேரில் போய்ப் பேசினார்கள். சட்டத்தையும் சொன்னார்கள், சங்கீதத்தையும் சொன்னார்கள். எது அவரைத் தொட்டதோ, அசலை மட்டும் தவணையில் வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டு ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

தன் பெருங்கடனை ராஜா விட்டுவிட்டும், தனக்குக் கடன்பட்டவனைச் சிறையில் போட்ட, மத்தேயு 18இல் வருகிற மன்னிக்காத ஊழியக்காரனை இந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. அப்படியானால் ராஜா அவனுக்கு விட்டுவிட்ட பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராத கடன் அது. அவனுக்கு உடன்வேலைக்காரன் தரவேண்டியிருந்ததோ நூறு வெள்ளிக்காசு, அதாவது நூறு நாள் கூலி. பிரசங்கங்களில் இந்த நூறை அற்பத்தொகை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவதைக் கேட்கிறோம். நூறு நாள் கூலி ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு அற்பமா? பிறர் நமக்குச் செய்த தீங்கும் நமக்குத் தரவேண்டியதும் மெய்யாகவே கனமானவை. அவற்றை ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. நமக்கு விடப்பட்டதை நினைத்து, அந்தக் கனமானதை விடச் சொல்லுகிறார். வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறார்.

இங்கே சபைப் பெரியவர்களிடம் ஒரு காரியத்தை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவன் அடித்து ரத்தக்காயத்தோடு வருகிற பெண்ணிடம், "மன்னித்துவிடும்மா, பொறுத்துப் போம்மா, இயேசப்பா மன்னிக்கலையா" என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதை இரக்கம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆண்டவர் சொன்ன உவமையில் நல்ல சமாரியன் கள்ளரைத் தேடிப் போகவில்லை. குற்றுயிராகக் கிடந்தவனுடைய காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு வெள்ளிக்காசும் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொன்னான். முதல் இரக்கம் காயப்பட்டவருக்கு. அவளுக்குத் தங்க ஓர் இடம், மருத்துவம், 181 என்ற மகளிர் உதவி எண், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 என்ன பாதுகாப்புத் தருகிறது என்ற விவரம் ஆகியவைதான் அந்த நேரத்தில் எண்ணெயும் திராட்சரசமும். நியாயஞ்செய்வதையும் இரக்கத்தைச் சிநேகிப்பதையும் மீகா தீர்க்கதரிசி ஒரே மூச்சில் சொன்னார். ஒன்றை எடுத்து ஒன்றை விட நமக்கு அதிகாரமில்லை. மன்னிப்பு அவளுடைய உள்ளத்தில் எப்போது வருமோ அப்போது வரட்டும். அதை நாம் அவளிடம் வசூலிக்கக்கூடாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை நம்மில் பலருடைய இரக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை ஜங்ஷன், வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர் மக்கள் தங்கள் வீட்டிலிருந்ததைச் சமைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். அவர்களும் வெள்ளத்துக்கு நடுவே இருந்தவர்கள்தான். அந்தச் செய்தியைக் கேட்டபோது, அந்தச் சமாரியன் உவமையில், கேள்வி கேட்ட நியாயசாஸ்திரி எதிர்பாராத ஆளை ஆண்டவர் அவனுக்கு மாதிரியாக நிறுத்தியது நினைவுக்கு வந்தது. இரக்கத்தைக் கிறிஸ்தவர்கள் தங்கள் தனிச்சொத்தாகப் பேச முடியாது. மற்றவர்கள் செய்வதைக் கண்டு, "நீயும் போய் அந்தப்படியே செய்" என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிகிறவர்களாகவே நாம் நிற்கிறோம்.

வெள்ள நிவாரணத்தில் எங்கள் சேகரம் கடைப்பிடித்த ஒழுங்குகளில் இரண்டு நல்ல பயன் தந்தன. நாம் உடுத்தி வெளியே போகக்கூடிய துணியை மட்டும் கொடுப்பது ஒன்று. கிழிந்த சேலை, பித்தான் போன சட்டை மூட்டைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம், சிலருக்கு வருத்தம்தான். வாங்குகிறவர் முகம் தெரியப் படம் எடுக்காதது மற்றொன்று. வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்துக்குக் கீழ்ப்படிய இந்தக் காலத்தில் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொள்வதே பாதி வழி. இரண்டாம் நாளுக்குப் பின் எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலமே கொண்டுவந்தார்கள். உள்ளாடை, நாப்கின், மெழுகுவர்த்தி, சேற்றைத் தள்ள மண்வெட்டியும் விளக்குமாறும், நனைந்த சான்றிதழ்களுக்கு நகல் வாங்க மனு எழுதித் தர ஒரு ஆள் என இவைதான் கிடைக்கவில்லை.

சிறைச்சாலை ஊழியத்தில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. ஆனால் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மனு போட்டுப் பார்க்க வருகிற மனைவிமாரைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டு பேசியிருக்கிறேன். உள்ளே இருப்பவருக்காக ஜெபிக்கிறவர்கள், வெளியே அந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும், அவர்களைத் தெருவில் பெயர் சொல்லிக் கேலி செய்யும் வாய்களையும் நினைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும்.

இந்த வேலையில் சேர விரும்புகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். வார்டுச் சகோதரியிடம் அனுமதி கேட்டு, ஆளில்லாத நோயாளி யார் என்று அவரிடமே விசாரியுங்கள். பெண்கள் வார்டுக்குப் பெண்களே போக வேண்டும். மறுபடி வருகிறேன் என்று சொன்னால் வந்தே தீருங்கள். முடியாதென்றால் அப்படிச் சொல்லாதீர்கள், படுத்திருப்பவருக்கு அந்த வாக்குதான் அன்றைய நாள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துவர உறவினருக்கு வழி சொல்லுங்கள். ஆதரவற்ற விதவைக்கும் முதியோருக்கும் அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கக் கூடப் போங்கள், கைரேகை விழாவிட்டால் வட்டாட்சியர் அலுவலகம்வரை போங்கள். வீடு திரும்பியபின் ஒருமுறையாவது போனில் கூப்பிட்டு நலம் கேளுங்கள். கையில் எடுத்துப்போவதற்கு ஒரு பிளாஸ்க் வெந்நீர் போதும். வார்டுக்கு வெளியே நடைபாதையில் படுத்திருக்கும் உடனிருப்பவர்களுக்குத் தருவதற்குப் பாயும் கொசுவத்திச் சுருளும் எங்கள் கோயில் ஸ்டோர் அறையில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்தால், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு எங்களோடே புறப்படலாம்.